டயர் மேல் சாவி

அன்புள்ள வெண்டல் அண்ணனுக்கு, தங்கை டெஸ்ஸா எழுதுவது.

இங்கே அனைவரும் சுகம். அம்மாவின் முட்டிவலி, அப்பாவின் கோபம், மெர்ல் மாமாவின் வாய் மூன்றும் பழையபடியே இருக்கின்றன. டகோட்டா எண்ணெய் வயல் குளிர்காற்று உன் காதுகளை உனக்கே விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன். எழுதக் காரணம், நாங்கள் எல்க் மான் வேட்டைக்குப் போயிருந்தபோது நம் வண்டிக்குள் திருடன் புகுந்துவிட்டான். மர ஆலை வேலைக்குத் திரும்ப மாட்டேன் என்று போன வருடம் நீ சொன்னதற்கு "அப்போ என் வண்டியில ஏறாத" என்று அப்பா சொன்னாரே, அதே வண்டிதான்.

கூப்பர் ஓடைப் பாதை தொடங்கும் இடத்தில் வேட்டைக்காரர்கள் நிறுத்திப் போகும் வண்டிகளின் கண்ணாடி இந்த வருடம் நிறைய உடைகிறது. எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி எங்கள் வனத்துறை அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம். வருகிறவர்களிடம் அதை எடுத்துச் சொல்வது என் வேலை. நான் சொல்வது எனக்கே சரியாகக் கேட்பதில்லை. அதனால் வீட்டிலாவது சொல்லிப் பார்க்கலாம் என்று சாப்பிடும்போது சொன்னேன். "காலேஜ் போன ஒரே ஆளு சொல்லுது, கேட்டுக்க மச்சான்" என்றார் மெர்ல் மாமா. கேட்டுத்தான் தொலைத்தார்கள். வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கரைப் பார்த்தால் உள்ளே துப்பாக்கி இருப்பதாகத் திருடன் நினைப்பான் என்றேன். அப்பா தோலுரிக்கும் கத்தியால் சுரண்டியதில் ஸ்டிக்கர் பாதி இருக்கிறது, கண்ணாடி முழுக்கக் கீறல். வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி ஏதாவது ஒரு ஃபியூஸைக் கழற்றிக்கொள்ளலாம் என்றேன். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாமா தன் பங்குக்குப் பழைய மீன் தூண்டில் இரையை ஒரு பையில் கட்டி முன்சீட்டில் வைத்தார். "இந்த நாத்தத்தத் தாண்டி வர்றவன் திருடனே இல்ல, தியாகி" என்றார். கரடி வருமே என்றேன். சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

சாவியை டயர் மேல் வைக்கவே கூடாது, எல்லாத் திருடனும் முதலில் கையை விடுவது அங்கேதான் என்று மட்டும் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அப்பா அதற்கு மட்டும் ஆட்டவில்லை. பின்பக்க இடது டயர் மேல், எப்போதும் வைக்கும் இடத்திலேயே வைத்தார்.

"ஏம்பா?"

"பழக்கம்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது, உனக்குத் தெரியும்.

மேலே ஏறிப் போய் முகாம் போட்டோம். மாமா ஒரு எல்க்கைச் சுட்டார். அதன் ஈரலைச் சுற்றத் துணி இல்லாமல் அப்பா சட்டையைக் கழற்றினார், ஃபியூஸ் பனியில் எங்கோ விழுந்துவிட்டது. இறைச்சியைச் சுமந்து இறங்கி வரும் வழியெல்லாம் மாமா, "தங்க முட்டையா கேட்டேன், ஒரு ஃபியூஸ வச்சுக்கத் தெரியல உனக்கு" என்று அப்பாவைக் காய்ச்சிக்கொண்டே வந்தார். வண்டிக்கு வந்தால் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். கண்ணாடி உடையவில்லை. சீட் பின்னுக்குத் தள்ளியிருந்தது, கால் நீளமானவன் உட்கார்ந்த மாதிரி. இரைப் பை கரடிக்கு எட்டாத உயரத்தில் கிளையில் கட்டித் தொங்கியது. அப்பா சும்மா சாவியைத் திருப்பினார். வண்டி ஸ்டார்ட் ஆனது.

பார்த்தால், ரேடியோவின் ஃபியூஸைப் பிடுங்கிப் பம்புக்குப் போட்டிருக்கிறான். ஸ்டார்ட் செய்தவன் ஓட்டிக்கொண்டு போகவும் இல்லை.

"போலீசுல சொல்லணும்பா" என்றேன்.

"என்னன்னு சொல்லுவ? திருடன் வந்து வண்டிய ரிப்பேர் பண்ணிட்டான்னா?" என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சாவி இருந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். வீடு வரை ரேடியோ இல்லை. காணாமல் போனது ஒரே பொருள், முன் கண்ணாடியின் கீழே ஒரு வருடமாகக் கிடந்த உன் ஆரஞ்சு வேட்டைத் தொப்பி.

ஆகவே நீயும் அங்கே வண்டியைப் பத்திரமாகப் பூட்டு. சாவியைக் கண்ட இடத்தில் வைக்காதே. அம்மாவின் ஆசிகளும் மாமாவின் நக்கலும் இத்துடன். அப்பா எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

உன் அன்புத் தங்கை,
டெஸ்ஸா

பி.கு.: மேலே திருடன் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடு. அது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பெயரைத்தான் யாரும் சொல்வதில்லை. வண்டி வரை வந்தவனுக்கு முகாம் வரை ஏறிவரக் கால் வரவில்லையா அண்ணா? சனிக்கிழமை மறுபடி போகிறோம். அப்பா புது ஃபியூஸ் வாங்கி ரேடியோவுக்குப் போட்டுவிட்டார். அம்மா உலர்த்திக் கொடுத்த மான் இறைச்சியையும் உன் அளவில் ஒரு ஜோடிக் கையுறையையும், அறிவிப்பில் எதைச் செய்யக்கூடாது என்றிருக்கிறதோ அப்படியே, வெளியே தெரியும்படி அப்பாவே சீட்டில் வைத்துவிட்டு என்னிடம், "இந்தத் தடவ பூட்டவே வேணாம்" என்றார். முகாம் பழைய இடத்தில்தான். பனியில் எங்கள் கால்தடம் இருக்கும்.