சாக்பீஸ் அக்கா அதிகாரிக்கு வைத்த பரீட்சை

எங்கள் ஊரான பாயான் பாருவில் நடக்காத கொலைகளையெல்லாம் நடந்ததாகக் காட்டியவர் சாக்பீஸ் அக்கா ஒருவர்தான்.

தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை. எங்கள் அடுக்குமாடியைச் சுற்றி எங்கே சாக்கடை மூடி காணாமல் போனாலும், அங்கே ஓர் ஆள் குப்புற விழுந்து கிடப்பதுபோல் சாக்பீஸால் கோடு வரைந்துவிடுவார். அதைப் பார்த்து அலறிய ஒரு பெண் போலீசையே கூப்பிட்டுவிட்டார். வந்த போலீஸ்காரர், குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற பாவத்துக்காக என்னைப் பிடித்துக்கொண்டார். பிணம் எங்கே என்று கேட்டார். இன்னும் விழவில்லை என்றேன்.

"அக்கா, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதுலா. நிறுத்துங்க."

"அடிக்கட்டும் தம்பி. நீங்க பயந்தாத்தானே மூடி வரும்?"

மூடி வரவில்லை. அக்காவுக்கு அதைவிடப் பெரிய கவலை, கீழ்வீட்டு சவரிமுத்து அங்கிள். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவர். தேவாலயம் எதிர்ச்சாரியில்தான். ஆனால் நடைபாதை விளிம்பு முழங்கால் உயரம். பாதசாரி விளக்கோ பச்சையாகி, கண்சிமிட்டுவதற்குள் சிவப்பாகிவிடும். சக்கர நாற்காலியில் எப்படிக் கடப்பது? மனிதர் எட்டு மாதமாக வாசலைத் தாண்டவில்லை.

நகராட்சிக்கு நான் எழுதிய பதினோராவது கடிதத்துக்குப் பிறகு ஓர் இளம் அதிகாரி பார்வையிட வந்தார். நான் கறிபாப் பலகாரமும் தேநீருமாகக் காத்திருந்தேன். அக்கா காலி சக்கர நாற்காலியோடு வந்தார்.

"உக்காருங்க சார். தேவாலயம் வரைக்கும்தான்."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். விளிம்பிலிருந்து நாங்கள் இருவரும் அவரைத் தூக்கி இறக்குவதற்குள் பாதிப் பச்சை போய்விட்டது. நடுச்சாலைக்கு வந்தபோது விளக்கு சிவப்பு. ஹாரன் அலற ஒரு லாரி வந்தது. என் கைகள் நாற்காலியின் பிடியிலேயே உறைந்துவிட்டன. அக்கா இரண்டு கைகளையும் விரித்து லாரிக்கு முன்னால் போய் நின்றார். கிறீச்சிட்டு நின்றது லாரி. அதிகாரி பதறி எழுந்து ஓடப் பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க சார்! அங்கிளால எந்திரிக்க முடியுமா? உக்காருங்க!"

அவர் உட்கார்ந்தார். லாரிக்காரர் திட்டிய திட்டில் மூன்று மொழிகள் இருந்தன.

எதிர்ப்பக்கம் சேர்ந்தபோது அதிகாரியின் ஒரு செருப்பைக் காணோம். என் பதவி போயிற்று, ஒருவேளை நானே உள்ளே போவேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த அங்கிள் வீடு எது, அக்கா?"

சில மாதங்களில் சரிவுப்பாதை வந்தது, மூடிகள் வந்தன, பச்சை விளக்கின் நேரம் கூடியது. முதல் ஞாயிறு அங்கிள் தனியாகவே கிளம்பினார். நடுச்சாலையில் நிறுத்தி, நிதானமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்தார். எனக்கு உயிரே போயிற்று. விளக்கு இன்னும் பச்சைதான்.

"போங்கலா அங்கிள், பூசை ஆரம்பிச்சிரும்!" என்று அக்கா இந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

இப்போது அக்கா ஜுரு என்ற ஊரில், மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் நானாகவே போன் செய்தேன்.

"என்ன தம்பி, ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லக்கா. சாப்பிட்டீங்களான்னு கேக்கத்தான்."