ஈட்டிக்கு ஒரு மேனேஜர்

விளையாட்டு உலகில் ஓடுகிறவர்கள், தாண்டுகிறவர்கள், எறிகிறவர்கள் என்று பல இனம் உண்டு. எதிலும் சேராத இன்னோர் இனமும் உண்டு. உடம்பில் சொட்டு வியர்வை இருக்காது. துண்டை மட்டும் முதல் ஆளாகக் கேட்கும். அதுதான் தானாக முளைத்த மேனேஜர். நீங்கள் பார்த்ததில்லையா? உங்கள் வீட்டில் யாரும் பதக்கம் வாங்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு கல்லூரி மாணவி ஈட்டி எறிதலில் வெள்ளி வாங்கினாள். செய்தித்தாளின் பதினோராம் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு அவள் படம் வந்த காலையில், பல் துலக்கி முடிப்பதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். ஜெராக்ஸ் கடைக்காரர். வாழ்நாளில் அவர் எறிந்தது கசங்கிய காகிதம்தான். அதுவும் கூடையில் விழுந்ததில்லை. கையில் சூடு ஆறாத நூறு விசிட்டிங் கார்டு. மேலே பெரிய எழுத்தில் அவர் பெயர், அடுத்து 'மேனேஜர்', கீழே மிச்சமிருந்த இடத்தில் அவள் பெயர்.

"இத்தனை வருஷமா எறிஞ்சு என்னம்மா சம்பாதிச்ச?"

"போன வருஷத்தவிட ரெண்டு மீட்டர் கூடியிருக்கு சித்தப்பா."

"ரெண்டு மீட்டரக் கொடுத்தா கடையில சோப்பு தருவானா?"

இரண்டு மாதத்தில் தேசியப் போட்டிக்கான தேர்வு. முள் வைத்த ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்து கிடந்தது. பஸ் மெக்கானிக்கான அப்பாவிடம் புது ஷூ கேட்க மனம் வரவில்லை. அதனால் சித்தப்பா சொன்னதற்குத் தலையாட்டினாள். அதுதான் தப்பு.

முதல் ஒப்பந்தம் மெத்தைக் கடையில். கண்ணாடிக்குப் பின்னால் மெத்தையில் அவள் படுத்திருக்க வேண்டும், கையில் ஈட்டியோடு. "ஈட்டி இல்லன்னா யாரோ தூங்குறாங்கன்னு நெனச்சுடுவாங்க" என்றார் மேனேஜர். மூன்று மணி நேரம் ஏசிக் குளிரில் கிடந்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வகுப்புத் தோழிகளும் பார்த்தார்கள். கூலி இரண்டு தலையணை. கமிஷனாக ஒன்றை சித்தப்பா எடுத்துக்கொண்டார், நல்லதாகப் பார்த்து. மறுநாள் அவளுக்குத் தோள் திரும்பவில்லை.

அடுத்து சத்துமாவுக் கம்பெனி. பதினாலு பக்க ஒப்பந்தத்தை சித்தப்பாவே மூன்று பிரதி எடுத்து வந்தார். ஒன்றையும் படிக்கவில்லை. அவள் அதைப் பயிற்சியாளர் அக்காவிடம் காட்டினாள்.

"மூணு வருஷத்துக்கு அவங்க கூப்பிட்ட எடத்துக்கு நீ போகணும். போட்டி நாளா இருந்தாலும். மாவுல என்ன கலந்திருக்குன்னு எங்கயும் போடல. நாளைக்கு ஊக்கமருந்து சோதனையில ஏதாவது வந்தா உன்னத்தான் வெளிய அனுப்புவாங்க, மாவ இல்ல."

அன்று மாலை வீட்டில் அதையே அவள் சித்தப்பாவிடம் சொன்னாள்.

"தேர்வு அடுத்த வருஷமும் வரும். கம்பெனி வருமா?"

"எறியறது என் கை சித்தப்பா. கையெழுத்தும் அதே கைதான் போடணும். போட மாட்டேன்."

அப்பா மூன்று பிரதியையும் சுருட்டித் தன் தம்பியின் கக்கத்தில் வைத்தார். இனி இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று சித்தப்பா சூளுரைத்தார். படியில் நின்றபடி கால்மணி நேரம் சூளுரைத்தார்.

மைதானத்தில் நடக்க வரும் அம்மாக்கள் சிலர், எங்கள் பிள்ளைகளுக்கும் ஓடக் கற்றுக்கொடேன் என்று அவளைக் கேட்டபடி இருந்தார்கள். கல்லூரி அலுவலகத்தில் விதி அதற்கு இடம் கொடுக்கிறதா என்று விசாரித்தாள். கொடுத்தது. சனி, ஞாயிறு காலையில் பன்னிரண்டு பிள்ளைகள். அந்தக் கட்டணத்தில் ஆறே வாரத்தில் புது ஷூ. தேர்வில் மூன்று பேரை எடுத்தார்கள். மூன்றாவது ஆள் அவள்.

ஜெராக்ஸ் கடையில் இப்போது யார் வந்தாலும், "கோச்சிங் கிளாஸ் ஐடியா யாரோடதுன்னு நெனச்சீங்க?" என்றுதான் பேச்சு தொடங்குகிறது.

சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. ஒரே ஒரு கேள்வி. பன்னிரண்டு பிள்ளைகள் என்று படித்த இடத்தில், 'வார நாளிலும் ஒரு வகுப்பு வைத்திருக்கலாமே, இன்னும் இருபது பேர் சேர்வார்களே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், நீங்கள் யாருக்குச் சித்தப்பா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.