ஏழு மீன் நோட்டு

புது மிக்ஸி எங்கே என்று ஃபாத்திமா கேட்டதற்கு, அவள் கணவன் பிராங்கிளின் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினான். உள்ளே பழைய பத்து ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது.

"இன்னாயா இது?"

"ஜப்பான்காரன் பர்மாவுல அட்ச்ச நோட்டு. தோஸ்து ஒர்த்தன் வெச்சிகினு இருந்தான். மிக்ஸிய குட்த்து மாத்திகினேன்."

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் பெட்டி எண்களைச் சரிபார்ப்பது பிராங்கிளினின் வேலை. செல்லாத வெளிநாட்டு நோட்டுகளைச் சேர்ப்பது அவனுடைய பைத்தியம். உலகப் போரில் பர்மாவைப் பிடித்த ஜப்பான் ராணுவம் இஷ்டத்துக்கு அச்சடித்த நோட்டு இது, வரிசை எண்கூடக் கிடையாது, போர் முடிந்ததும் வெறும் காகிதமாகிவிட்டது என்று ஆசையாக விளக்கினான்.

"அப்பவே காயிதமாயிட்ச்சா? அதுக்கா என் மிக்ஸி?"

அவசரமாக நோட்டைத் திருப்பிக் காட்டினான். பின்பக்க ஓரத்தில் பென்சிலில் இரண்டு வரி, வட்ட வட்டமாக, மங்கலாக. யாரோ பர்மாக்காரர் கைப்பட எழுதியது, அதுதான் விசேஷம் என்றான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரியாவிட்டால் மிக்ஸி வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

கைபேசியில் படம் பிடித்து, பர்மிய மொழியிலிருந்து மொழிபெயர்க்கச் சொன்னான். அது சற்றுத் திணறி, 'ஏழு மீன் துறவி' என்றது.

துறவிக்கு எதற்கு மீன் என்று கேட்டாள் ஃபாத்திமா. நியாயமான கேள்விதான். வேறு வழியில்லாமல், அது உளவாளிகளின் சங்கேதம், மீன் என்றால் கப்பல் என்று அளந்தான்.

அவள் முதல் முறையாக உறையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வினை அங்கேதான் தொடங்கியது. மாதா கோவில் பூசை முடிந்து வந்த பெண்களிடம் அவள் சொல்ல, ராயபுரம் கோவில் மண்டபத்தில் பழம்பொருள் கண்காட்சி நடத்திக்கொண்டிருந்த தேவகிருபை அன்று மாலையே கண்ணாடிப் பெட்டியோடு வந்துவிட்டார். 'ஏழு கப்பல்களை மூழ்கடித்த ரகசிய நோட்டு' என்று அட்டையும் எழுதி வைத்தார். பிராங்கிளின் ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. சேதி பரவிய வழியில் யாரோ மூழ்கடித்திருந்தார்கள்.

கூட்டம் சேர்ந்தது. பிராங்கிளினுக்குப் பயமும் சேர்ந்தது. பர்மிய எழுத்து தெரிந்தவர் படித்துச் சொன்னால் பழி தன் மேல் விழாது என்று நினைத்து, வியாசர்பாடியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை போட்டிருக்கும் செங்கொடியை அழைத்து வந்தான். பர்மாவில் மூன்றாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்தவர். ஒரு மீனாவது இருந்தால் சமாளித்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

பெட்டியைத் திறந்தார்கள். ஃபாத்திமா பெருமையோடு முன்வரிசையில் நின்றாள். செங்கொடி நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பிறகு தலைகீழாகத் திருப்பினார்.

"பர்மா எழ்த்து இல்ல நைனா, தமிழு," என்று சொல்லிவிட்டு நிதானமாகப் படித்தார்: "'இந்த நோட்டு இனிமே செல்லாது. படிக்கத் தெரியாதவன் எவனாவது மாட்டினா, அவன் தலையில கட்டிடு.'"