இறா பன்னும் என் இரண்டு கன்னங்களும்

பூமி உருண்டை என்பதையே "அது அவங்க சொல்றது" என்று இன்னமும் பரிசீலனையில் வைத்திருக்கும் ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் மரக்காணம் அப்பீல்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதையும் அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

டாக்டர் அவருக்கு சுகர் என்றார். அப்பீல் திண்டிவனம் போய் ரத்தம் கொடுத்தார். அங்கேயும் சுகர். பாண்டிச்சேரி போனார். அங்கேயும் அதே. "எல்லாரும் போன்ல பேசி வச்சிக்கிட்டானுங்க சார்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டிலேயே நின்று ஜிலேபி தின்றார். பொங்கல் கிரிக்கெட்டில் ஒருமுறை எல்.பி.டபிள்யூ. கொடுத்தார்கள். மட்டையை ஊன்றி நின்றவர் நின்றவர்தான். பையன்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், கடைசியில் பத்தடி தள்ளி வேறு ஸ்டம்ப் நட்டு ஆட்டத்தை முடித்து, கப்பையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் கணக்கில் அவர் இன்றைக்கும் நாட் அவுட்.

தொழில் என்று பார்த்தால், உப்பளத்துக்குப் போகும் மண் ரோட்டில் தள்ளுவண்டி. அதில் இறா பன். பன்னை இரண்டாகப் பிளந்து, வெண்ணெய் தடவிக் கல்லில் போட்டு, பொடி இறாவை வெங்காயம், பச்சை மிளகாய், மிளகோடு சுண்ட வதக்கி நடுவில் வைத்து மூடுவார். பிறகு பழைய தராசு எடைக்கல் ஒன்றை எடுத்து, ஏதோ பழைய பகை இருப்பதுபோல் அதன் தலையில் வைத்து அமுக்குவார். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு நான் லோடு எழுதுவதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். நான் ஓர் உப்பு முதலாளியிடம் குமாஸ்தா. ஆபீஸ் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேஜை, ஒரு நான்.

டவுனில் இதையே முக்கோணமாக வெட்டி, பல்குச்சி குத்தி, சாண்ட்விச் என்கிறார்கள். அப்பீல் ஊர் ஊராகப் போய் அந்த வகையறா எல்லாவற்றையும் தின்றுவிட்டு வந்து எங்களுக்குத் தீர்ப்பு வழங்குவார். அடுத்தவர் தீர்ப்பு செல்லாதே தவிர, அவர் தீர்ப்பு உடனே அமல்.

"பழவேற்காட்டுல நண்டு பன்னு. நல்லாத்தான் இருக்குது. ஆனா ஓடு கடிபடுது சார், தின்னு முடிச்சா பல்லு டாக்டர் வீடு எங்கன்னு கேக்கணும்."

"மகாபலிபுரம்?"

"இறா மேல மயோனைஸ ஊத்தறான். இறாவுக்கு என்னா ஜுரமா, போர்வை போத்தறதுக்கு?"

"நாகப்பட்டினம்ணே?"

"கணவாய பரோட்டாவுல சுத்திக் குடுக்கறான். ரெண்டுமே ரப்பரு. மொத நாள் கடிச்சத மறுநாள்தான் முழுங்க முடியுது."

ஆகவே தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதிலும் முதலிடம் மரக்காணம் இறா பன்னுக்கு. செய்கிறவர் ஒருவர்தான் என்பதால் போட்டி சுமுகமாக நடந்துகொண்டிருந்தது. என் மச்சான் வந்து சேரும்வரை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில், இரும்பை என்ற ஊரில் ஒரு பேக்கரியில் வேலை. வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி சுட்டுச் சுட்டு, தானும் கொஞ்சம் வெந்து சிவந்துவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு. ஒருநாள் முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டியோடு உப்பளத்துக்கு வந்தான். உள்ளே சூரை மீன், வெங்காயம், எலுமிச்சைச் சாறு. பாண்டிச்சேரி ஸ்டைல் என்றான்.

அப்பீல் அதை வாங்கி வண்டி விளிம்பில் தட்டிப் பார்த்தார். டொக், டொக்.

"தம்பி, இது திங்கறதுக்கா, திருடன அடிக்கறதுக்கா?"

"உங்க பன்னு மட்டும் என்னாவாம்? தலகாணி மாதிரி இருக்குது. உள்ள இறாவத் தேட டார்ச் அடிக்கணும்."

"டேய்!"

"என்னா டேய்? மாமா, நீங்களே சொல்லுங்க, எது பெஸ்ட்டு?"

எனக்கு அப்போது அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடிக்காமலே வந்தது. எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

ஆனால் விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. சீசன் முழுக்க உப்பு வாருகிறவர்களுக்குக் காலை டிபன் முதலாளி செலவு. அதை அப்பீல்தான் போட்டுவந்தார். வருஷத்தில் பாதி நாள் அவர் வீட்டு அடுப்பு எரிவது அதில்தான். மச்சானுக்கும் ஓர் ஆசை, அந்த ஆர்டர் கிடைத்தால் பேக்கரி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக நிற்கலாம் என்று. முதலாளி சொன்னார்: "மொத வாரல் அன்னிக்கு ரெண்டையும் கொண்டாங்க. நம்ம கணக்கு தின்னு பாத்து எது நல்லாருக்குதுன்னு சொல்லட்டும். ஜெயிக்கிறவனுக்கு டிபன் ஆர்டரு."

கணக்கு என்பது நான்.

மனைவி சொன்னாள்: "என் தம்பி வாழ்க்கைங்க இது. ஆனா, உங்களுக்கு எது நியாயம்னு படுதோ அதையே சொல்லுங்க." கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவது எதையும் நம்பக்கூடாது.

அப்பீலிடம் போனேன். "நீங்க மனசுல எதும் வச்சிக்காம சொல்லுங்க சார்" என்றார். "எப்படியும் நான் ஒத்துக்கப் போறதில்ல."

முதல் வாரல் என்பது எங்கள் ஊர் உப்பளத்துக்குத் திருவிழா மாதிரி. பாத்தியில் பூத்த உப்பை அன்றுதான் முதன்முதலாகப் பலகை போட்டு வாரிக் கரையில் குவிப்பார்கள். கற்பூரம் காட்டுவார்கள். அன்றைக்கு உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு, உயிரே போனாலும், 'உப்பு கம்மி' என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் பாத்தி காதில் விழும், மழை வந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்பது நம்பிக்கை. சோற்றில் உப்பு போதாவிட்டால் "இன்னும் கொஞ்சம் வெளையட்டும்" என்று சொல்லிக் கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வரும் லாரி டிரைவர்களுக்கு இதைப் பாடமாக நடத்துகிறவனே நான்தான்.

கற்பூரம் காட்டி முடித்தார்கள். உப்புக் குவியல் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. ஒரு பக்கம் அப்பீல், எடைக்கல்லும் கையுமாக. மறுபக்கம் மச்சான், அக்காவுக்கு வீடியோ கால் போட்டபடி. அந்தச் சின்னத் திரையில் என் மனைவியின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. ஒன்றே போதுமானதாக இருந்தது.

பன்னை ஒரு கடி, ரொட்டியை ஒரு கடி. வாயில் எச்சில் என்ற பொருளே இல்லை. காது அடைத்தது. "சொல்லுய்யா" என்றார் முதலாளி. இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளக்கூடாது, இரண்டிலும் ஒரே குறை சொல்லிவிட்டால் தப்பிக்கலாம் என்று என் மூளை, வாழ்நாளில் முதல்முறையாக வேகமாக வேலை செய்தது.

"ரெண்டுலயுமே" என்றேன் கணீரென்று, "உப்பு கம்மி."

பலகைகள் நின்றன. யாரோ தலைச்சுமையைக் கீழே போட்டார்கள்.

"அய்யய்யோ!" என்றாள் செல்வியக்கா. வாருகிற பெண்களுக்கெல்லாம் தலைவி. "ஏம்பா கணக்கு, உன் வாயில புத்து வைக்க! வருஷம் முழுக்க எங்க வவுத்துல அடிச்சிட்டியே!"

பக்கத்து ஊரான அனுமந்தைப் பக்கமிருந்து ஒரு மேகம் எட்டிப் பார்த்தது. கைக்குட்டை அளவுதான். எனக்குக் கல்யாணப் பந்தல் மாதிரி தெரிந்தது. திரையில் இருந்த கண் மூடிக்கொண்டது. "இவன பாத்தியில இறக்கி முக்குங்கடா" என்று ஒரு குரல். முதலாளி வழிவிட்டு ஒதுங்கி நின்றார். நான் ஓடலாம் என்று எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது.

"நில்லுங்க!" என்றார் அப்பீல். "நான் ஒத்துக்க மாட்டேன்!"

"நீ சும்மா இருய்யா" என்றார் முதலாளி.

"எப்படி மொதலாளி சும்மா இருக்கறது? இவரு சொன்னதே செல்லாது." அப்பீல் என் முகவாயைப் பிடித்துக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பினார். "கன்னத்தப் பாருங்க! இந்தப் பக்கம் என் பன்னு, அந்தப் பக்கம் தம்பியோட ரொட்டி. ரெண்டும் கடிச்சது கடிச்சபடி கெடக்குது. மனுஷன் பயத்துல மெல்லவே இல்ல. திங்காத வாய்க்கு ருசி ஏது? ருசியே பாக்காதவன் சொன்னா அது எப்படி பாத்தி காதுல விழும்?"

செல்வியக்கா பக்கத்தில் வந்து என் கன்னங்களை விரலால் குத்திப் பார்த்தாள். உண்மைதான். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

முதலில் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் வரப்பு முழுக்கச் சிரிப்பு. மேகம் கடல் பக்கம் போய் அங்கேயே பெய்துவிட்டது. கடலில் உப்பு கம்மி என்று வேறு எவனோ சொல்லியிருக்க வேண்டும்.

"டெய்லி திங்கப்போறது நாங்க. இந்த ஆள எதுக்குக் கேக்கறீங்க?" என்று செல்வியக்காவே இரண்டையும் வாங்கி எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தாள். தின்று முடித்துச் சொன்னாள்: "ரொட்டி ருசிதான். ஆனா உப்புத் தண்ணி பட்டு எங்க உதடெல்லாம் வெடிச்சிக் கெடக்குது. எலுமிச்சம்பழம் பட்டா உயிரு போவுது. பன்னே இருக்கட்டும்."

மச்சான் முகம் தொங்கிவிட்டது. அப்பீல் ஜெயித்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தீர்ப்பு அவர் பக்கம். மனிதர் கொஞ்ச நேரம் எடைக்கல்லை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"அதெப்படி? நான் ஒத்துக்க மாட்டேன். அந்த சூரை மீனு நல்லாத்தான் இருந்துச்சு. எலுமிச்சைய எடுத்துட்டா? ஞாயித்துக்கெழம தம்பி போடட்டும்."

"யோவ், நீ ஜெயிச்சிட்டய்யா!"

"அது நீங்க சொல்றது மொதலாளி."

அரைமணி நேரம் வாதாடி, தன் ஆர்டரில் ஒருநாளைப் பிடுங்கி மச்சான் கையில் கொடுத்த பிறகுதான் ஓய்ந்தார். மச்சான் அந்த ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டே பேக்கரியை விட்டு வெளியே வந்துவிட்டான். இப்போது அனுமந்தையில் சொந்தக் கடை. இரண்டு பேரும் சந்தித்தால் இன்னமும் டொக், டொக்தான்.

கூட்டம் கலைந்து எல்லோரும் பாத்திக்குப் போன பிறகு நான் மட்டும் அவர் வண்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கை இன்னும் உதறிக்கொண்டிருந்தது. அப்பீல் ஒரு டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"இந்தாங்க சார். இது எப்படி இருக்குதுன்னு எதுவும் சொல்ல வேணாம். சும்மா குடிங்க."

நான் குடித்து முடிக்கும்வரை டம்ளரின் அடியை அவரே பிடித்துக்கொண்டு நின்றார்.