கொக்கு மிஸ் எடுத்த அட்டெண்டன்ஸ்

இலுப்பூர் வட்டாரத்தில் ஒரு மனிதரிடம் ஊர், உறவு, உத்தியோகம் எதையும் விசாரிக்காமல், மூக்கையும் நடையையும் பார்த்தே இன்ன பறவை என்று தீர்ப்புச் சொன்ன ஒரே பிறவி கொக்கு மிஸ்தான். யோசிக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பார், அதனால் அந்தப் பெயர். நான் கிளார்க்காக இருந்த நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. அவர் பொறுப்பு. எல்.கே.ஜி. என்பது நாங்கள் சொன்னது. அவரைப் பொறுத்தவரை அது கண்மாய்க்கரை.

ஜூன் மாதமே ஆளுக்கொரு பறவை கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அட்டெண்டன்சில் பெயர் கிடையாது. மைனா, கௌதாரி என்று அவர் கூப்பிட, பிள்ளைகள் அந்தந்தக் குரலில் கத்த வேண்டும். தீனி நேரத்தில் அலகு விளையாட்டு. கொக்குக்கு இடுக்கி, வாத்துக்குக் கரண்டி, தேன்சிட்டுக்கு ஸ்ட்ரா. தேன்சிட்டுகள் சுண்டல் நாளில் அழுது தீர்த்தன. அதனால்தான் அது பூவைத் தேடிப் போகிறது என்று சொல்லிவிட்டு, மிஸ் கையால் சாப்பிட அனுமதிப்பார். கொக்கான ஒரு பையன் காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, இடுக்கி வந்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தான். சமையல்காரர் தன் இடுக்கியைக் கழுவிக் கொடுத்த பிறகுதான் பந்தி நகர்ந்தது.

பக்கத்து அறையில் இருந்த பாவத்துக்கு நானும் அதில் சேர்ந்தேன். வேலியோரமாகப் பதுங்கிப் பதுங்கி டீக்கடைக்குப் போவதைப் பார்த்துவிட்டு எனக்குச் செம்போத்து என்று முடிவு செய்தார். காலையில் அவர் கூப்பிட்டால் ஜன்னல் வழியாக "ஊப்... ஊப்" என்று பதில் சொல்லியாக வேண்டும். அட்மிஷனுக்கு வந்தவர்கள் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன்.

வினை குயிலால் வந்தது. குயில் கூடு கட்டாது, காக்கா கூட்டில் முட்டையிடும் என்று ஒருநாள் பாடம். மறுநாள், குயிலாகிய யாழினி தன் டப்பாவிலிருந்த அவித்த முட்டையை, காக்காவாகிய முகிலனின் பைக்குள் சத்தமில்லாமல் வைத்துவிட்டாள். காக்கா அதைத் தின்றிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அது முட்டை மேல் உட்கார்ந்துகொண்டது. வேன்காரர் ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. அடைகாக்கிறதாம்.

கதை ஊருக்குள் பரவி, யாழினியின் அப்பா பள்ளிக்கு வந்தார். அவரும் மனைவியும் துபாயில் வேலை பார்க்கிறார்கள். பிள்ளை சித்தி வீட்டில் வளர்கிறது. அந்தத் தடவை அவருக்கு மட்டும் லீவு கிடைத்திருந்தது. முட்டையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"பெத்துப் போட்டுட்டு அடுத்த வீட்டுல வளக்க விடுற பறவையவா எம்புள்ளைக்குக் குடுத்தீங்க?" என்றார்.

பறவையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் டி.சி. கொடுங்கள் என்றார். தாளாளர் மிஸ்ஸைப் பார்த்து, டி.சி. போனால் அதோடு நீங்களும் போகலாம் என்று முடித்துவிட்டார். இந்த இடத்தை விட்டால் அவரை வேறு எந்தப் பள்ளியும் சேர்க்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மிஸ் ஒற்றைக்காலுக்கு மாறினார். வந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"குயிலு, அவ பாடுறதுக்காகக் குடுத்ததுங்க. அதை மாத்த மாட்டேன். நீங்க குயிலு இல்ல, உள்ளான். பனிக்காலத்துல எங்கிட்டோ இருந்து நம்ம கம்மாய்க்கு வரும். எம்புட்டுத் தூரம் போனாலும் வந்த வழியை மறக்காது. நாளைக்குக் காலையில வாங்க, கூப்புடுறேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் டி.சி. புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

மறுநாள் வந்தார். முழங்காலை மடக்கி நுழைக்க இடமில்லாத குட்டி பெஞ்சில் மகள் பக்கத்தில் எப்படியோ உட்கார்ந்தார். மிஸ் எல்லாப் பறவைகளையும் கூப்பிட்டுவிட்டுக் கடைசியில் "உள்ளான்" என்றார். உள்ளான் எப்படிக் கத்தும் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? எழுந்து நின்று, "பிரசன்ட் மிஸ்" என்றார். வகுப்பே சிரித்தது. யாழினி மட்டும் சிரிக்கவில்லை. அவர் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு டி.சி. பேச்சே எழவில்லை. புத்தகத்தை மறுபடி அலமாரியில் வைத்தேன்.

லீவு முடிந்து அவர் துபாய் போன பிறகும் மிஸ் அந்தப் பெயரை விடவில்லை. தினமும் கடைசியாக "உள்ளான்" என்பார். குயில் எழுந்து நிற்கும்.

"உள்ளான் லீவு மிஸ். வந்துரும்."

நான் இப்போது வேறு ஊரில், விரலை வைத்தால் வருகை பதிவாகும் ஓர் ஆபீசில் இருக்கிறேன். மிஸ் இன்னும் செம்போத்தைக் கூப்பிடுகிறாரா, தெரியவில்லை. கூப்பிட்டால், ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து எனக்கும் அப்படிச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறது.