சரோஜா எதுக்குங்க குதிக்கணும்?

நெய்வேலியில் அதிகம் உயிர்களைக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டால் ஆஸ்பத்திரி டாக்டரைக் கை காட்டுவார்கள். தப்பு. மேல்மண்தான். அவர் காப்பாற்றியது முழுக்கப் பெண்களை. அத்தனை பேரும் கதாநாயகிகள். அத்தனை பேரும் கடைசிப் பாராவில் சாகக் கிடந்தவர்கள்.

அசல் பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் இருந்திருக்கும், எனக்குத் தெரியாது. குறிஞ்சிப்பாடிக்காரர். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் போர்மேன். ஆள் ஆறடி என்றால் தொண்டை ஏழடி. பெல்ட் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிவிட்டதால், காதோடு ரகசியம் சொன்னாலும் பக்கத்து ப்ளாக்கில் கேட்கும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ப்ளாக்கில் ஒரு சிறுகதை வட்டம் இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு மாலை, மனமகிழ் மன்றத்தின் பின்பக்க ஹாலில் கூடிக் கதை வாசிப்போம். நான் செயலாளர். அதாவது, பெஞ்சு துடைப்பவன், மெதுவடை வாங்கி வருபவன். தலைவர் அக்கவுண்ட்ஸ் ஆபீசர், தஞ்சாவூர்ப் பக்கம். நல்ல மனிதர்தான். ஆனால் சிறுகதைக்கென்று ஒரு மரபு உண்டு என்பார். அந்த மரபு அவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கதை முடிகிற இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையை வெளியே எடுத்துவிட்டால் கதை எங்கள் வட்டத்தின் ஆண்டு மலருக்குத் தேறிவிட்டது. கை சட்டைப் பைக்கே போகவில்லை என்றால் ஃபெயில்.

பிறகென்ன, ஊரே கைக்குட்டைக்காக எழுதியது. முதல் இரண்டு பக்கம் ஆற்றங்கரையில் அந்தி மயங்கும். டவுன்ஷிப்பில் ஆறு ஏது? மைன்ஸிலிருந்து இறைத்து விடுகிற தண்ணீர் ஓடும் வாய்க்கால்தான் உண்டு. அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை, மரபுக்கு ஆறு வேண்டும். நடுவில் ஒரு பெண் கஷ்டப்படுவாள். கடைசியில் கிணற்றிலோ ரயிலிலோ போய்ச் சேருவாள். திருநெல்வேலிக்காரர் எழுதினாலும் கோயம்புத்தூர்க்காரர் எழுதினாலும் அவளுக்கு அதே கதிதான்.

இந்தக் கூட்டத்துக்குள் ஒரு ஞாயிறு, முதல் ஷிப்ட் முடிந்த காக்கிச் சட்டையோடு நம் போர்மேன் வந்து உட்கார்ந்தார். வடை வாசனைக்கு வந்தார் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. டைப்பிஸ்ட் ஒருவர் இரண்டாம் பக்கத்திலும் அந்தியை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"யோவ், இன்னும் எம்மாம் நேரம் மேல்மண்ணே வாரிக்கினு இருப்ப? கரி எப்ப வரும்?"

நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடக்கிற மண்தான் மேல்மண். அதை மலை மலையாக வாரிக் கொட்டிய பிறகுதான் கரியைத் தொட முடியும். ஹால் முழுக்க மைன்ஸ்காரர்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது, டைப்பிஸ்ட்டுக்கு அல்ல, இவருக்கு.

அதோடு விட்டாரா? அடுத்த மாதத்திலிருந்து, முதல் பாரா முடிந்ததுமே கையைத் தூக்குவார். "கெணறா, ரயிலா?" வாசிப்பவர் முறைப்பார். "கெணறு" என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு வடையைக் கடிப்பார். கிணறாகத்தான் இருக்கும். ஒரே ஒருமுறை அரளி விதையாக இருந்தது. அன்றைக்கு எழுந்து போய்க் கைகுலுக்கினார். "பரவால்லிங்க, கொஞ்சம் மாத்தி யோசிச்சிருக்கீங்க."

"இந்த ஹால்ல செத்ததுங்களுக்கெல்லாம் கருமாதி வச்சா மூணு ப்ளாக்குக்குப் பந்தி போடணும்ங்க. நீங்க வடையோட முடிச்சிக்கிறீங்க" என்று தலைவரிடமே சொன்னார்.

குறை சொல்கிறவர் ஒன்று எழுதிக் காட்டலாமே என்றார் தலைவர். எழுதினார். கதையில் மூன்று பேர் பெல்ட் பக்கத்தில் நின்று பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். சட்டென்று நின்றுவிட்டது. முடிவு எங்கே என்று கேட்டோம். "ஷிப்ட் முடிஞ்சிருச்சி, போயிட்டாங்க" என்றார். படுமோசமான கதை. ஆனால் யாரும் சாகவில்லை. அவர் வாய்க்குப் பயந்து பல பேர் கதாநாயகியைக் கொல்லாமல் கல்யாணம் பண்ணி அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அந்த வருஷம் ஆண்டு மலருக்குக் கதை கேட்டிருந்தோம். கம்மாபுரம் பக்கத்திலிருந்து சரோஜா என்ற பெண்மணி வந்தார். குடும்ப நிலம் மைன்ஸுக்குப் போய்விட்டது. கணவர் அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. பெர்மனென்ட் ஆவோம் என்று காத்துக்கொண்டிருந்தார். சரோஜா இதற்கு முன் கதை எழுதியதில்லை.

கதையில் ஒருத்தி கணவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு தினமும் சுரங்க வேலியோரம் போவாள். ஒருநாள் அவன் கீழே கையைக் காட்டி, "அந்த மிஷினு நிக்குது பாரு, அதான் நம்ம கொல்ல" என்பான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட நிலம்தான் அந்தக் கொல்லை. அவள் ரொம்ப நேரம் பார்ப்பாள். பிறகு காலித் தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டு, நாளைக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசித்தபடி வீட்டுக்கு நடப்பாள். அவ்வளவுதான் கதை.

மேல்மண் கையைத் தூக்கவே இல்லை. கையிலிருந்த வடையையும் கடிக்கவில்லை.

தலைவரின் கை சட்டைப் பைக்குப் போகவில்லை. "நன்றாக எழுதியிருக்கிறாய் அம்மா. ஆனால் முடிவு இல்லையே. மரபு என்று ஒன்று இருக்கிறது. நிலத்தை இழந்தவள் அந்தக் குழியிலேயே குதித்துவிட்டாள் என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடு. மலரில் இதுதான் முதல் கதை."

சரோஜா விழித்தார். "ஏங்க, அது நான்தாங்க. நான் எதுக்குங்க குதிக்கணும்?"

"கதையில்தானே அம்மா."

"கதையிலயும் எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. பொழுது சாஞ்சா அதுங்களுக்கு யாரு சோறு போடறது?"

தலைவர் இறங்கி வரவில்லை. குதித்தால் மலரில் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சரோஜா தாள்களை மடித்துக்கொண்டே, "எங்க கொல்ல அங்க இருந்துச்சின்னு எங்கனாச்சும் அச்சுல இருக்கட்டும்னுதாங்க எழுதினேன். வேற எந்தக் காயிதத்துலயும் அது இல்லிங்க" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "குதிச்சாத்தான் போடுவீங்கன்னா, யோசிச்சிச் சொல்றேங்க" என்றார்.

மேல்மண் எழுந்தார். "நீ ஒண்ணும் யோசிக்க வாணாம்மா, வூட்டுக்குப் போ. எவன் உன்னத் தள்றான்னு நான் பாத்துக்கிறேன்."

பார்த்தும் கொண்டார். மலருக்கான கதைகளை முடிவு செய்ய நாங்கள் கூடிய அடுத்த ஞாயிறு, செக்யூரிட்டி அதிகாரி ஒருவர் லத்தியோடு ஹாலுக்குள் நுழைந்தார். பின்னாலேயே மேல்மண். ஒரு பெண்ணை மைன்ஸில் குதிக்கச் சொல்லி சிலர் வற்புறுத்துவதாக மனு கொடுத்திருந்தார் மனுஷன். அது கதை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டாராம்.

"சார், நீங்கதான் அந்தம்மாவக் குதிக்கச் சொன்னதா?"

தலைவருக்கு வேர்த்துவிட்டது. "அது கதையில் ஐயா. இலக்கிய மரபு."

"எந்த மரபா வேணா இருக்கட்டும்ங்க. மைன்ஸ்ல ஆளு குதிக்க பர்மிஷன் கெடையாது. எழுதிக் குடுத்துருங்க."

"என்னவென்று?"

"யாரும் குதிக்க மாட்டாங்கன்னு."

மேற்படி கதையில் எவரும் சுரங்கத்தில் குதிக்கமாட்டார்கள் என இதன்மூலம் உறுதி கூறுகிறேன் என்று எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டார் தலைவர். போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, வேர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

"கைக்குட்ட வெளிய வந்துருச்சி" என்று கத்தினார் மேல்மண். "கத பாஸு."

ஹால் அதிர்ந்தது. செக்யூரிட்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவர் கைக்குட்டையைப் பார்த்தார், மேல்மண்ணைப் பார்த்தார், கடைசியில் தாங்க முடியாமல் அவரும் சிரித்துவிட்டார். சரோஜாவின் கதை ஒரு எழுத்துகூட மாறாமல் மலரில் வந்தது. வேலியோரம் உட்கார்ந்து, சோறு தின்றுகொண்டிருந்த கணவருக்கு அதைச் சரோஜாவே வாசித்துக் காட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

இந்த மாதிரிக் கட்டுரைக்கும் ஒரு மரபு இருக்கிறது. கிறுக்கு மனிதர் ஒருவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டு, கடைசிப் பாராவில் அவர் போய்ச் சேர்ந்த சேதியைப் போட வேண்டும். நீங்களும் கைக்குட்டையைத் தயாராக வைத்திருப்பீர்கள். முடியாது. அவர் எப்படி இருக்கிறார் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் போவதும் இல்லை. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். முதல் ஷிப்ட் முடிந்துவிட்டது. காக்கிச் சட்டையோடு சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறார். அவருக்கென்று இரண்டு வடை தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.