தையல்காரர் வீட்டு எலி

பையிலிருந்த டார்ச் விளக்கைக் காணவில்லை.

தையல்காரருக்குப் பகீரென்றது. ஆறு பெருகினால் முதலில் மூழ்குவது அவருடைய கீழ்த்தள வீடு. மாமியாருக்கோ நடக்க முடியாது. சன்னலோர நாற்காலிதான் அவருடைய உலகம். ஆபத்து வந்தால் அவரைக் காப்பாற்ற வேண்டுமே என்றுதான் கெட்டித் துணியில் பல அறைகளோடு பை தைத்து, டார்ச், கயிறு, மழைக்கோட்டு என்று நிரப்பி, காவலுக்கு அந்த நாற்காலியின் கைப்பிடியிலேயே மாட்டியிருந்தார்.

"அத்தை, டார்ச் எங்கே?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும், மாப்பிள்ளை."

"எலிக்கு எதுக்கு டார்ச்?"

"ஏன், இருட்டுல அதுக்கும் பயமா இருக்காதா?"

புது டார்ச் வாங்கி வைத்து, அறைகளுக்குப் பொத்தான் தைத்தார். கயிறு மாயமாயிற்று. ஜிப் வைத்தார், மழைக்கோட்டும் போயிற்று.

"பொத்தானைக் கழட்டுற எலி, ஜிப்பையும் திறக்குதே!"

"தையல்காரர் வீட்டு எலிங்க. தொழில் தெரியாமப் போகுமா?" என்று மனைவி சிரித்தாள்.

போனதையெல்லாம் மறுபடி வாங்கி நிரப்பினார். பையை நாற்காலியிலேயே விட்டுக் கடைக்குப் போய் நைலான் நூல் எடுத்துவந்து, உப்பியிருந்த பையின் வாயையே, உள்ளே பார்க்காமல், இரட்டைத் தையல் போட்டு மூடிவிட்டார்.

அந்த மழைக்காலத்தில், இருண்டு கிடந்த ஒரு காலையில், தெருத் தண்ணீர் வாசற்படி ஏறி வீட்டுக்குள் புகுந்தது. மின்சாரமும் நின்றது. தையல்காரர் கத்தரிக்கோலால் பையைப் பிளந்தார். உள்ளே ஒரு பழைய தலையணை நிம்மதியாகப் படுத்திருந்தது.

"போச்சு!" மாமியாரை நாற்காலியோடு தூக்கப் பார்த்தார். நாற்காலி அசையவில்லை, தையல்காரரின் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

அப்போது வாசலில் வெளிச்சம் தெரிந்தது.

"உங்க டார்ச்தாம்மா. திருப்பிக் குடுக்க நேரமே வாய்க்கலை" என்றபடி மாடி வீட்டு லாரி ஓட்டுநர் நுழைந்தார். பின்னால் கயிற்றோடு எதிர்வீட்டுத் தச்சர். அவருக்கும் பின்னால், தையல்காரரின் மழைக்கோட்டையே போட்டுக்கொண்டு பேக்கரிக்காரர். மழைக்கோட்டை மாமியாருக்குப் போர்த்தி, நாற்காலியோடு கயிற்றால் கட்டி, எல்லாருமாகத் தூக்கி மாடியில் சேர்த்தார்கள்.

தையல்காரர் கைகூப்பினார். பிறகு மாமியாரிடம் திரும்பினார்.

"அப்போ அந்த எலி நீங்கதானா? சன்னல் வழியா ஊருக்கே தூக்கிக் குடுத்திருக்கீங்க! ஏன் அத்தை?"

மாமியார் மழைக்கோட்டின் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

"எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து வாங்கினீங்க, மாப்பிள்ளை. என்னைத் தூக்க ஆள் மட்டும் பையில இல்லை. அதைத்தான் நான் சேர்த்துக்கிட்டிருந்தேன்."